அண்ணனின் வண்டிப் பாதையில் நட்ட மரச்சீனி

1

சுஜா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இன்றோடு மூன்று வருடம். வீட்டில் யாரும் இந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. நான் மட்டும் காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்வேன். மகள் பிழைத்தாளே என்று முதலில் நெஞ்சு குளிரும். அது அடங்கியதும் பாறசாலையில் இருக்கும் என் அண்ணனை நினைத்துப் பல்லைக் கடிப்பேன்.

இங்கிலாந்துக்கு வந்த நம்மவர்கள் ஊருக்கு எழுதும்போது பனியைப் பற்றி எழுதுவார்கள், கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றி எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இது அப்படிப்பட்டதில்லை. இதை ஊரில் வாசிக்கிறவர்களில் சிலருக்கு என் அண்ணன் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும். என்னையும் தெரிந்துகொள்வார்கள்.

வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கை நடுங்குகிறவர்களுக்கு ஸ்பூனில் ஊட்டிவிடுவது என் பொறுப்பு. யாருக்கு எந்தப் பக்கப் பல் இல்லை, யார் கஞ்சியைத் துப்புவார், எல்லாம் எனக்குத் தெரியும். ஊட்டுவதில் கைதேர்ந்தவள் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார்.

2

தொண்ணூற்று மூன்றில், ஓணத்தை ஒட்டி ஊருக்குப் போயிருந்தோம். சுஜாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரான கொல்லயிலை நான்கு வயதில் விட்டு வந்தவள். காதால் கேட்டுக் கேட்டு எங்கள் பேச்சைப் பேசுவாள். ஆனால் தமிழோ மலையாளமோ எழுத்துக்கூட்டத் தெரியாது.

அண்ணனுக்குச் சந்தைப் பக்கம் மலஞ்சரக்குக் கடை. மிளகும் பாக்கும் கொப்பரையும் வாங்கி விற்பார். கடையின் நடுவில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு தொங்கும். வாசலில் அன்றைய விலை எழுதும் கரும்பலகை. நாங்கள் போய் இறங்கியதும் அவரே ஓடிவந்து சுஜாவின் தோளைப் பிடித்தார்.

"இஞ்ச வா மக்கா, மாமன் பாக்கட்டு. நல்லா தடி வச்சிருக்கே!"

தடி என்றால் எங்கள் பேச்சில் உடம்புச் சதை. கடையில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "லண்டன் சரக்காக்கும். நிறுத்துத்தான் எடுக்கணும்" என்றார். ஊரில் இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான்.

சுஜா விளையாட்டு என்று நினைத்துத் தராசுத் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மறுதட்டில் படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். தட்டு மேலே எழும்பியதும் அண்ணன் எண்ணை உரக்கச் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

"ஒரு சாக்கு கொப்பரைக்கு மேல உண்டு, கேட்டியளா!"

பிறகு சாக்குக்கட்டியை எடுத்துப் பலகையில் மிளகு விலைக்கும் கொப்பரை விலைக்கும் கீழே 'லண்டன்' என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதினார். கடையே சிரித்தது. சுஜாவும் சிரித்தாள், ஆனால் இறங்கும்போது சட்டையின் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு மூன்று நாள் ஊரில் இருந்தோம். தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். விலைகளை மாற்றி எழுதினார்களே தவிர, அடிவரியை யாரும் அழிக்கவில்லை. எழுத்து தெரியாத பிள்ளைக்கு எண் தெரியும்.

3

திரும்பி வந்த பிறகு முதலில் காலைச் சாப்பாடு நின்றது. அடுத்து, பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிச் சாயங்காலம் நின்றது. சமையலறையில் மட்டும் என்னைவிட அதிக நேரம் நிற்பாள். எங்களுக்குப் புட்டு அவித்துத் தருவாள், எதிரே உட்கார்ந்து நாங்கள் தின்பதைக் கண் எடுக்காமல் பார்ப்பாள். வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவளின் முதுகைப் பார்த்தேன். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

டாக்டரிடம் போனோம். அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்பதை அப்படியே இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். தட்டில் மிச்சம் வைக்கிறாள் என்று அவர் எழுதிக்கொண்டார். இந்த வயதில் அது சகஜம் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்களுக்கு இரண்டு மாதம் போயிற்று.

அடுத்து ஒரு படிவம் வந்தது. வீட்டில் பேசும் மொழிக்கு எதிரே பல கட்டங்கள், அவற்றில் தமிழ் இல்லை. 'மற்றவை' என்பதில் கோடு போட்டேன். மொழிபெயர்க்க ஒரு பெண்மணி வந்தார், இந்தி பேசினார். எனக்கு இந்தி தெரியாது என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அதை அவர் இங்கிலீஷிலேயே டாக்டருக்குச் சொன்னார். இனிமேல் அவர் வர வேண்டாம் என்று சொல்ல இன்னொரு படிவம். மதக் காரணத்துக்காகப் பட்டினி இருக்கிறாளா, வீட்டில் போதிய உணவு இருக்கிறதா என்று வேறொரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். அலமாரி நிறைய அரிசி இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அண்ணனின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

மறு வருடம் அக்டோபரில் சுஜாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். நான் காலையில் எட்டுக் கிழவர்களுக்கு ஊட்டிவிட்டு, பஸ் பிடித்துப் போய், என் மகளுக்குக் குழாயில் பால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று எழுதிப் போட்டேன்.

4

அந்த வார்டில் எடை பார்க்கும்போது பிள்ளைகளை முள்ளுக்கு முதுகைக் காட்டி நிற்க வைப்பார்கள். எண்ணை நர்ஸ் மட்டும் பார்ப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். அதை முதல்முறை பார்த்தபோது நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

வசந்தம் வந்ததும் சுஜாவைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். ஜேனட் என்ற கவுன்சிலர் அங்கே செடிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பேசுவார், அதுவும் சிகிச்சைதான் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் அப்பா நெய்யாற்றின்கரையில் ரிஜிஸ்தர் ஆபீஸ் குமஸ்தா. வீட்டைச் சுற்றி மண் இருந்தது, எங்கள் கையில் ஒட்டியதில்லை. சாகக் கிடக்கிற பிள்ளையை மண்ணைக் கிளறச் சொல்கிறார்களே என்று நினைத்தேன்.

ஆனால் ஜேனட் கிளற விடவில்லை. மண்வெட்டிகள் எல்லாம் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன. சில பிள்ளைகள் உடம்பைக் கரைப்பதற்காகவே ரகசியமாகத் தோண்டுவார்களாம். முதல் மாதம் முழுவதும் உட்கார்ந்த இடத்தில் அரைமணி நேரம் மட்டும், தட்டில் மண் நிரப்பி விதை போடுகிற வேலை. தோட்டத்தில் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது. விளைந்ததைத் தின்னும்படி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சுஜா தன் பயற்றுச் செடியைத் தினமும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதினாள். நான்காம் நாள் ஜேனட் ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் அது வளரும்" என்றார். "நாம் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும்."

சுஜா அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை. ஆனால் மறுநாளும் போனாள். செடிக்குச் சாணி உரம் வைக்கக் கற்றாள். இலை மஞ்சளித்தால் அதற்கு என்ன குறைகிறது என்று பார்க்கக் கற்றாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜேனட் கேட்டதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்லவும் செய்தாள்.

புதன்கிழமைகளில் பெற்றோரும் வரலாம். ஒரு புதன் நான் போனபோது மண் நிரப்பிய மரப்பெட்டி ஒன்றில் காரட் நெருக்கமாக முளைத்திருந்தது. இடையிடையே சிலவற்றைப் பிடுங்கிவிட்டால்தான் மற்றவை பருக்கும் என்றார் ஜேனட். சுஜா கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு ஒன்றைப் பிடுங்கினாள்.

"இது மாமா" என்றாள் தமிழில்.

இன்னொன்று. "இது அந்தக் கண்ணாடி போட்ட ஆளு."

இன்னொன்று. "இது சுமடு எடுக்கிற ஆளு. இது வெத்தில போட்ட ஆளு."

அவள் இப்படிக் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. என் உள்ளம் துள்ளியது. பிடுங்கு மக்கா, எல்லாரையும் பிடுங்கு என்று மனசுக்குள் சொன்னேன். வரிசை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒன்றுதான் மிச்சம். அதை விரலில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது நீயாக்கும் அம்மா. நீயும் சிரிச்சே."

ஜேனட்டுக்கு 'அம்மா' மட்டும்தான் புரிந்திருக்கும். என்னைப் பார்த்தார். "நானும் சிரித்தேன் என்று சொல்கிறாள்" என்றேன். இந்த நாட்டில் நான் பிழையில்லாமல் பேசிய இங்கிலீஷ் வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

சிரித்தது உண்மை. ஆண்கள் நிறைந்த கடையில் அண்ணன் ஒரு வேடிக்கை செய்தால் தங்கச்சி முகம் சுளிக்கக் கூடாது என்று வளர்ந்தவள். சிரிப்பு தானாக வந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வீட்டு நிறுத்தம் வருவதற்குள் அண்ணன் தலையில் வைத்துவிட்டேன். அவருடைய குற்றம், என்னுடையது, இரண்டுக்கும் சேர்த்து அவர் அனுபவிக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் ஜேனட் அதே பெட்டியில் மறுபடி விதைக்கச் சொன்னார். சுஜா விதைத்தாள். மே மாதம் குழாயை எடுத்தார்கள். ஜூனில் வீட்டுக்கு வந்தாள்.

5

கொல்லயில் ஊரில் இருந்த வீட்டு மனையை அப்பா இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். ரோட்டை ஒட்டிய முன்பாதியும் வீடும் எனக்கு, பின்பாதி அண்ணனுக்கு. அண்ணன் பின்பாதியில் குடோன் கட்டியிருந்தார். அவருடைய லாரி என் பாதி வழியாகத்தான் உள்ளே போகும். பின்பக்கம் வாய்க்கால் வரப்பு உண்டு, ஆள் நடக்கலாம், வண்டி போகாது. லாரிக்கு வழி விடும்படி பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. தங்கச்சி என்ற நம்பிக்கையில் ஓடிய லாரி அது.

தொண்ணூற்றாறு கோடையில் சுஜாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். நம் சொந்த மண்ணில் தோட்டம் போடலாம் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு மாதம் முன்பிருந்தே கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருந்தாள். ஜேனட் சூரியகாந்தி விதை கொடுத்தனுப்பினார்.

கிணற்றடியில் இடம் இருக்கிறதே, ஏன் இங்கே ரோட்டோரத்தில் என்று சுஜா கேட்டாள்.

"இஞ்சதான் நல்ல வெயில் உண்டு" என்றேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டுச் செல்லம்மை மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பு வெட்டித் தந்தாள், வாழைக்கன்று கொண்டுவந்தாள். ஆறு நாள் வேலை. நானும் மண்வெட்டி பிடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது, அதுகூட இனித்தது. சுஜா வாய் ஓயாமல் பேசினாள். மதியம் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சுற்றிலும் முள்கம்பி கட்டி முடித்தோம்.

ஏழாம் நாள் காலையில் லாரி வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நான்கு பேர்.

"சாந்தா, என்ன பிள்ளே இது?"

"எனக்க பூமியில கிருஷி செய்யுதேன்."

"லாறி எப்படிப் போவும்?"

"லாறி போவாது. வரப்பு வழியா சொமந்து கொண்டுபோங்க."

செல்லம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இனி லாறி ஆகாசம் வழிதான் வரணும்!" என்றாள்.

சுஜா கையில் பூவாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் அப்போதுதான் அவளைக் கவனித்தார். எப்படியாவது பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தை மலர்த்திக்கொண்டு சொன்னார்: "சுஜாவா? ஆளே தெரியல்ல மக்கா! தடியெல்லாம் கொறஞ்சு, இப்பமாக்கும் அழகு!"

அதற்குப் பிறகு நான் பேசியதைத் தெரு முழுவதும் கேட்டிருக்கும்.

"ஒங்க தராசிலேருந்து எறங்கினவ பின்ன சோறு தின்னல்ல, தெரியுமா? மூக்குல குழா போட்டுக் கெடந்தா. எட்டு மாசம்! பிள்ள சாவக் கெடந்தா. நீங்க போர்டில எழுதி வச்சு சிரிச்சியளே, அதுக்காக்கும் இந்த வேலி. ஒங்க ஆயுசுக்கும் இது தொறக்காது!"

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "எனக்குத் தெரியாது பிள்ளே" என்றார். "நீ மஞ்சக்காமாலைண்ணுதானே எழுதின?"

சுமட்டுக்காரர்கள் நான்கு பேரும் சுஜாவை மேலும் கீழும் பார்த்தார்கள். அவள் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். வெற்றிபெற்ற மூச்சு எனக்கு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ எனக்குத் தோட்டம் போட்டியா, அவருக்கு வேலி போட்டியா?"



அன்று மதியம் அவள் சாப்பிட வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. மறுநாள் காலையிலும் வெறும் தண்ணீர். கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன், கத்தினேன். பதினொரு மணிக்கு அவளே வெளியே வந்து, தனியாக நடந்து பாறசாலை முக்கில் உள்ள போன் பூத்துக்குப் போய், இங்கிலாந்தில் இருக்கும் அப்பாவோடு பேசினாள். என்ன பேசினாள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. திரும்பும் வழியில் செல்லம்மை வீட்டில் நுழைந்து இரண்டு தோசை சாப்பிட்டாள். செல்லம்மை வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஞ்சிய இருபது நாளும் அவள் அங்கேதான் சாப்பிட்டாள்.

நான் வேலியைப் பிரிக்கவில்லை.

6

இங்கிலாந்து திரும்பிய பின் நெய்யாற்றின்கரை வக்கீல் ஒருவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்தேன். அண்ணனுக்கு வலிக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இங்கிருந்தே வக்கீல் பிடித்துப் பதில் அனுப்பினேன். கொப்பரையும் மிளகும் ஒவ்வொரு மூட்டையாக வரப்பு வழியே தலைச்சுமையாகப் போகின்றன என்று செல்லம்மை ஆள் வைத்து எழுதினாள். மழையில் ஒருமுறை அண்ணனே வழுக்கி விழுந்தாராம். அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்.

சில மாதம் கழித்து அண்ணனே ஒரு கடிதம் எழுதினார். உறையின் மேல் சுஜாவின் பெயர். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே, வாசித்துக் காட்டுவதற்காக நான் பிரித்தேன்.

"அன்புள்ள சுஜாவுக்கு மாமன் எழுதுவது. அம்மையிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அன்றைக்கு உன்னைத் தராசில் ஏற்றியது தப்பு. போர்டில் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீ சிரித்தாய், அதனால் உனக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ என்னைத் திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்வேன். நீ விதைத்த மஞ்சள் பூ ஆளுயரத்துக்குப் பூத்தது. மிதிக்காமல் போகச் சொல்லியிருக்கிறேன்."

அவ்வளவுதான். லாரியைப் பற்றியோ பாதையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் காரியவாதி என்று திட்டிக்கொண்டே கிழித்திருப்பேன், எனக்கும் எளிதாகப் போயிருக்கும். மறுபடி மறுபடி தேடினேன், அகப்படவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் வேலிக்கு என்ன நியாயம்? கடிதத்தை மடித்து என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அது அங்கேயே கிடந்தது.

7

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பழைய பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். சுஜாவுக்குப் பதினெட்டு வயது. வரும் இலையுதிர் காலத்தில் கல்லூரிக்கு வேறு ஊர் போகிறாள். அவளும் ஜேனட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"உன் மாமா எப்போதாவது வருத்தம் தெரிவித்தாரா?" என்று ஜேனட் கேட்டார்.

"இல்லை" என்றாள் சுஜா. "ஒரு தடவையாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை."

அழுதபடி சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் பஸ் வரவில்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை எடுத்து, சமையலறை மேஜையில் வைத்து, அவளுக்கு வாசித்தேன். அண்ணன் கேட்ட மன்னிப்பை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. 'நீ சிரித்தாய்' என்ற இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு உறையை எடுத்துத் தபால் முத்திரையைப் பார்த்தாள். எண்தானே, அது அவளுக்குத் தெரியும்.

"இது ஆருக்கு வந்த லெட்டர் அம்மா?"

"உனக்கு."

"பின்ன ஏன் உனக்க சேலைக்கு அடியில இருந்தது?"

நான் என்னவெல்லாமோ சொன்னேன். உனக்காகத்தான் என்றேன். அவர் அவ்வளவு சீக்கிரம் தப்பித்துவிடக் கூடாது என்றேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, கடிதத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கிவந்து வழக்கம்போலச் சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் அப்பாவிடம் தமிழ் எழுதப் படிக்கிறாள். அவர் பஸ் டிப்போவிலிருந்து வந்ததும் மேஜையில் தாளை விரித்துவிடுகிறார்கள். அவர் பத்தாம் வகுப்போடு தமிழைக் கைவிட்டவர், பாதி எழுத்து அவருக்கே தடுமாறும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வேலியைப் பிரிக்கச் சொல்லிச் செல்லம்மைக்கு எழுத வேண்டும் என்று தினமும் தாளை எடுக்கிறேன். அண்ணன் கரும்பலகையில் எழுதியது கண்ணில் வந்து நிற்கிறது, தாளை மடித்துவைத்துவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் அவள் கடிதம் எழுதத் தொடங்கினாள். அருகில் போனேன். பரீட்சை எழுதும் பிள்ளையைப்போல இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, 'மன்னிப்பு' என்பதற்கு எந்த 'ன' என்று அப்பாவைக் கேட்டாள். அவர் யோசித்தார். நிச்சயமில்லாமல் என்னைப் பார்த்தார்.

நான் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ சொல்லாண்டாம் அம்மா" என்றாள் சுஜா. "அப்பா யோசிக்கட்டு. நான் காத்திருக்கேன்."